20 மைக்ரானில் நிறுத்து: சிலிக்கானில் அழுத்த சென்சார் செய்வது எப்படி

காற்றழுத்தம் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போனில் திறந்துகொண்டு, முதலில் போனைத் தரையில் வைத்து எண்ணைப் பாருங்கள். அப்புறம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் போனில் பாரோமீட்டர் இருந்தால் (எல்லாப் போனிலும் இருக்காது) கடைசி இலக்கங்கள் குறைந்திருக்கும். கடல் மட்டத்தையொட்டிய இடங்களில் 1 மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். மொத்தக் காற்றழுத்தமோ ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல். எட்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற அந்தச் சின்ன மாற்றத்தை, 2 மில்லிமீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு டப்பா பிடித்துவிடுகிறது. போஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 சென்சாரின் அளவு அதுதான், உயரம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை.

டப்பாவுக்குள் இருப்பது ஒரு மெல்லிய சிலிக்கான் சவ்வு. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய ஒரு குழி. காற்று அழுத்தும்போது சவ்வு உள்வாங்கும், உள்வாங்கினால் அதன் ஓரங்களில் இழுவிசை ஏறும், அங்கே பதித்து வைத்த நான்கு மின்தடைகளின் மதிப்பு மாறும், அந்த மாற்றத்தை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். தத்துவம் அவ்வளவுதான், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். செய்வதில்தான் சங்கதி இருக்கிறது. அதிலும் என் பார்வையில், இந்தத் துறையின் அறுபது வருட வரலாற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: சிலிக்கானைக் குடைந்துகொண்டே போகிறோம், எங்கே நிறுத்துவது?

முதலில் ஏன் சிலிக்கான் என்று பார்த்துவிடுவோம். 1954ல் சார்லஸ் ஸ்மித் என்ற இயற்பியலாளர், பெல் ஆய்வகத்தில் செய்த சோதனைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் இழுத்தால் அவற்றின் மின்தடை எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக மாறுகிறது என்பதுதான் அதன் சாரம். உலோகக் கம்பியை இழுத்தாலும் மின்தடை மாறும், ஆனால் அது கம்பி நீண்டு மெலிவதால் வரும் மாற்றம், அதனால் கொஞ்சமாகத்தான் இருக்கும். சிலிக்கானில் நடப்பது வேறு. அணுக்களுக்கிடையே உள்ள தூரம் துளி மாறினாலும், அந்தப் படிகத்துக்குள் மின்னூட்டம் ஓடும் வேகமே மாறிவிடுகிறது. அதே அளவு இழுப்புக்கு உலோகம் காட்டும் மாற்றத்தைப் போல ஐம்பது மடங்கு, சில திசைகளில் அதற்கும் மேல்.

உடனே சிலிக்கான் துண்டுகளை உலோகத் தகட்டில் பசை போட்டு ஒட்டி அழுத்தமானிகள் செய்தார்கள். பசைதான் பிரச்சினை. வெப்பத்தில் நெகிழும், நாள்பட நழுவும், இன்று காட்டிய எண்ணை அடுத்த மாதம் காட்டாது. 1962ல் ஹனிவெல் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் பசையைத் தூக்கி எறிந்துவிட்டு, சவ்வையே சிலிக்கானில் செய்து, மின்தடைகளை அந்தச் சவ்வுக்குள்ளேயே வேறு தனிமத்தின் அணுக்களை ஊடுருவவிட்டுப் பதித்தார்கள். ஒட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாம் ஒரே படிகம். இன்று போனில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

சிலிக்கான் உடையக்கூடியதுதானே, அதைப் போய் வளைப்பார்களா என்று யாருக்கும் தோன்றும். 1982ல் ஐபிஎம்மில் இருந்த கர்ட் பீட்டர்சன் இதற்கு விரிவாகப் பதில் எழுதினார். மெம்ஸ் (சிப் அளவில் நுண் இயந்திரங்கள் செய்யும்) துறைக்கு வருகிற எந்த மாணவரையும் முதலில் படிக்கச் சொல்வது அந்தக் கட்டுரையைத்தான். தனிப்படிகச் சிலிக்கான் எஃகைவிட வலிமையானது, அலுமினியத்தைவிட எடை குறைவு. நாம் பார்க்கும் வேஃபர்கள் (சிப் செய்யப் பயன்படும் வட்டமான சிலிக்கான் தகடுகள்) பட்டென்று உடைவது அவை பெரியதாகவும் மெல்லியதாகவும் இருந்து, ஓரங்களில் கீறல்களும் இருப்பதால். சிலிக்கானுக்கு இன்னொரு குணம் உண்டு, சென்சார்காரருக்கு அதுதான் பொன். அறை வெப்பநிலையில் அது நிரந்தரமாக வளையாது. ஒன்று உடையும், இல்லாவிட்டால் விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். உலோகம் கோடி முறை வளைந்தால் அசந்துபோகும். சிலிக்கான் சவ்வு எத்தனை முறை வளைந்தாலும் பூஜ்ஜியத்துக்குச் சரியாகத் திரும்பும்.

சரி, சவ்வை எப்படிச் செய்வது?

4 அங்குல வேஃபர் ஒன்றின் தடிமன் 525 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் 1 மைக்ரான்), அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். நமக்கு வேண்டியது 1 மில்லிமீட்டர் சதுரத்தில் 20 மைக்ரான் தடிமனுள்ள சவ்வு. வேஃபரின் முன்பக்கத்தில் மின்தடைகள் பதித்தாயிற்று. பின்பக்கத்தில் சிலிக்கான் நைட்ரைடு பூசி, ஃபோட்டோலித்தோகிராஃபியில் (வெளிச்சத்தைக் கொண்டு வடிவம் பதிக்கும் முறை) சதுரச் சதுரமாக ஜன்னல் திறந்து, 80 டிகிரியில் சூடாக இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் இறக்குகிறார்கள். கரைசல் சிலிக்கானைத் தின்னத் தொடங்கும், குட்டிக் குட்டி ஹைட்ரஜன் குமிழிகள் ஜன்னல்களிலிருந்து வரிசையாகக் கிளம்பும். சாதாரண அமிலமாக இருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அரித்து, கிண்ணம் போன்ற குழியைத்தான் தரும். இந்தக் காரம் அப்படிச் செய்வதில்லை. படிகத்தின் சில தளங்களை அது வேகமாகத் தின்னும், (111) என்று குறிக்கப்படும் தளத்தைக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது, வேகத்தில் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால் குழியின் நான்கு பக்கமும் அந்தத் தளத்திலேயே போய் நின்றுகொள்ளும், தரையோடு துல்லியமாக 54.7 டிகிரிச் சாய்வில். மேலே அகன்று, நாலு பக்கமும் சரிந்து, அடியில் சமமான தரையோடு முடிகிற ஒரு கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்குப் பதில் கண்ணாடி போல வழவழப்பான சரிவு. அதை யாரும் செதுக்குவதில்லை, படிகமே அந்த வடிவத்தை வைத்திருக்கிறது, காரம் அதை வெளியே கொண்டுவருகிறது.

இங்கேதான் முதல் கேள்விக்கு வருகிறோம். குழியின் பக்கங்கள் தாமாக நிற்கின்றன. அடித்தரை நிற்பதில்லை. விட்டுவைத்தால் மறுபக்கம் வரை தின்றுவிடும்.

505 மைக்ரான் தின்னவிட்டு, மீதி 20ல் வெளியே எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் என்ற வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடலாமே என்றால், கரைசலின் வெப்பம் 1 டிகிரி மாறினாலே தின்னும் வேகம் 5 சதவீதம்போல மாறும். 505ல் 5 சதவீதம் என்றால் 25 மைக்ரான். உங்கள் சவ்வே 20 மைக்ரான்தான்! எட்டு மணி நேரமும் கரைசல் 1 டிகிரி கூடுதலாக இருந்திருந்தால் சவ்வே இருக்காது, சதுர ஓட்டை மட்டும்தான் மிஞ்சும். வெப்பத்தை நன்றாகக் கட்டுப்படுத்தி, நடுநடுவே எடுத்து ஆழத்தை அளந்து, கடைசி நேரத்தில் அடிக்கடி பார்த்து எப்படியோ ஒப்பேற்றினாலும் இன்னொரு சிக்கல் வரும், வேஃபர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. ஓர் ஓரம் 5 மைக்ரான் தடித்திருந்தால் அங்கே சவ்வு 25 மைக்ரான் ஆகிவிடும். சவ்வின் ஓரத்தில் ஏறும் இழுவிசை, பக்க நீளத்தைத் தடிமனால் வகுத்து வரும் எண்ணின் இருமடியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 20 மைக்ரான் சவ்வும் 25 மைக்ரான் சவ்வும் தரும் சிக்னலில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். வேஃபர் தடிமனில் 1 சதவீதப் பிசகு, சென்சாரில் 50 சதவீதப் பிசகாக வந்து விடிகிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் இந்தத் துறையில் பின்னால் வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் எதற்காக வந்தது என்பது தானாகவே புரிந்துவிடும்.

முதலில் வந்த வழி போரான். சிலிக்கானில் போரானை மிக அடர்த்தியாக ஏற்றினால் அந்த அடுக்கைக் காரம் தின்பது வெகுவாகக் குறைந்துவிடும். முன்பக்கத்தில் வேண்டிய தடிமனுக்குப் போரான் ஏற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கவலையில்லாமல் தின்னவிடலாம், போரான் அடுக்கு வந்ததும் நின்றுவிடும். ஆனால் அவ்வளவு போரான் இருக்கும் சிலிக்கான் கிட்டத்தட்ட உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும். அதற்குள் தனியாக மின்தடை பதிக்க முடியாது. மேலும் போரான் அணு சிலிக்கானைவிடச் சிறியது, அதனால் சவ்வு இழுத்துக் கட்டியது போல விறைத்துக்கொள்ளும்.

அடுத்தது மின்வேதியியல் முறை. கலந்த வேற்று அணுக்களைப் பொறுத்துச் சிலிக்கானில் ‘பி’ (p), ‘என்’ (n) என்று இரண்டு வகை உண்டு. பி வகை வேஃபரின் மேல் ‘என்’ வகைச் சிலிக்கானை வேண்டிய தடிமனுக்கு வளர்த்துக்கொண்டு, அந்த மேலடுக்குக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தபடியே கரைசலில் இறக்குவார்கள். காரம் பி பகுதியைத் தின்று முடித்து எல்லையைத் தொட்டவுடன் அங்கே மின்சாரம் பாய்ந்து, மேற்பரப்பில் ஆக்சைடு படிந்து, தின்பது நின்றுவிடும். மீட்டரில் மின்னோட்டம் மளமளவென்று ஏறி இறங்குவதைப் பார்த்தே வேலை முடிந்தது என்று சொல்லிவிடலாம். சவ்வின் தடிமனை வளர்த்த அடுக்கு தீர்மானிக்கிறது, மின்தடைகளையும் அதிலேயே பதிக்கலாம். மிக அழகான முறை, பல வருடங்கள் தொழிற்சாலைகளில் ஓடியது. ஆனால் கொதிக்கிற காரத்துக்குள் ஒவ்வொரு வேஃபருக்கும் ஒயர் கொடுத்து, முன்பக்கத்து அலுமினியத்தைக் காரம் தொடாமல் ஒரு பிடிப்பானில் இறுக்கி அடைத்து, அது ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வளையம் ஒன்று ஒழுகினால் வேஃபர் போயிற்று.

இந்த இரண்டு முறையிலும் தீராத குறை ஒன்று உண்டு. குளத்தின் சரிவு இடத்தைச் சாப்பிடுகிறது. 505 மைக்ரான் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 357 மைக்ரான் சரிவுக்கே போய்விடும். 1 மில்லிமீட்டர் சவ்வு வேண்டுமென்றால் பின்பக்க ஜன்னல் 1.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், சுற்றிலும் சட்டத்துக்கு இன்னும் இடம் வேண்டும். சிலிக்கானில் பரப்பளவுதான் காசு. ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டரின் நுனியில் சென்சார் வைக்க நினைத்தவர்களுக்கு இது காசுப் பிரச்சினைகூட இல்லை, சிப் உள்ளேயே போகாது.

1980களில் பீட்டர்சனும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய நோவாசென்சார் நிறுவனம் இதை உல்டாவாகச் செய்தது. ஒரு வேஃபரில் மேலிருந்து சில மைக்ரான் ஆழத்துக்குச் சின்னக் குழி. அதன்மேல் இன்னொரு வேஃபரைக் கவிழ்த்து, பசையே இல்லாமல், 1000 டிகிரிக்கு மேல் சுட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். தூசு ஒன்று இடையில் மாட்டினால் சுற்றிலும் ஒட்டாத வட்டம் விழுந்துவிடும், அவ்வளவு சுத்தம் வேண்டும். அப்புறம் மேல் வேஃபரைத் தேய்த்தும் அரித்தும் மெல்லியதாக்கினால் குழியின் மேல் சவ்வு தயார். சரிவு இப்போது உள்பக்கம் குறுகிப்போகிறது, வெளியே இடம் பிடிப்பதில்லை. இருதயத்துக்குள் அழுத்தம் பார்க்கும் கதீட்டர்களுக்கு ஏற்ற குட்டிச் சிப்புகள் இந்த வழியில்தான் சாத்தியமாயின.

இரண்டு சிலிக்கானுக்கு நடுவில் ஆக்சைடு வைத்த எஸ்ஓஐ வேஃபர்களும் இதே குடும்பம்தான். நடுவில் இருக்கும் ஆக்சைடே தடுப்புச் சுவர், காரம் அங்கே வந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும். மின்தடைகள் ஆக்சைடின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால் சாதாரணச் சிப்புகள் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும் வெப்பத்திலும் இவை ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சின், விமானம், எண்ணெய்க் கிணறு என்று சூடான இடமாக இருந்தால் இதைத்தான் தேடுவார்கள்.

குழியை மூடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கம் திறந்திருக்கும் பழைய வகைச் சிப்பைப் பைரெக்ஸ் கண்ணாடியில் ஒட்டுவது வழக்கம். இதற்கும் பசை கிடையாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 400 டிகிரிக்குச் சூடாக்கி, சில நூறு வோல்ட்டிலிருந்து 1000 வோல்ட் வரை கொடுப்பார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் நகரத் தொடங்கி, சிலிக்கானைத் தொடும் பக்கத்தைவிட்டு விலகிப் போகும். அங்கே எதிர்மின்னூட்டம் மிஞ்சி, இரண்டு பரப்பும் ஒன்றையொன்று பலமாக இழுத்து, ஆக்சிஜன் வழியாக நிரந்தரமாகப் பிணைந்துவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதலில் வானவில் நிற வளையங்கள் தெரியும், வோல்டேஜ் கொடுத்ததும் தொட்ட இடத்திலிருந்து கருஞ்சாம்பல் நிறம் பரவி அந்த வளையங்களைத் துரத்திக்கொண்டே போகும். பைரெக்ஸைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வெப்பத்தில் அது விரியும் அளவு சிலிக்கானோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். வேறு கண்ணாடியாக இருந்தால் ஆறும்போதே சவ்வை இழுத்துப் பிடித்துப் பொய் சொல்ல வைத்துவிடும்.

குழிக்குள் ஏன் வெற்றிடம்? உள்ளே காற்று இருந்தால் வெயிலில் அது விரிந்து சவ்வை வெளியே தள்ளும். சென்சார் அதை அழுத்தம் குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

இப்போது போனுக்கு வருவோம். போனில் போடுகிற சென்சாருக்குக் காரத் தொட்டியோ இரண்டு வேஃபரோ கட்டுப்படியாகாது, விலை அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். போஷ் நிறுவனம் இதற்குக் கண்ட வழி எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை. சவ்வு வர வேண்டிய இடத்தில் மட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்திச் சிலிக்கானை நுண்துளைகள் நிறைந்ததாக ஆக்குகிறார்கள். மேலே துளை குறைவான ஒரு அடுக்கு, அதற்குக் கீழே துளை மிகுந்த ஒரு அடுக்கு. பிறகு ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கும்போது அணுக்கள் தாமாகவே இடம் மாறும். மேலடுக்கின் துளைகள் மூடிக்கொள்ளும், கீழடுக்கு கரைந்து ஒதுங்கி ஒரே வெற்றுக் குழியாகிவிடும். மூடிய மேற்பரப்பின் மேல் தனிப்படிகச் சிலிக்கானை வேண்டிய தடிமனுக்கு வளர்க்கிறார்கள். குழிக்குள் மாட்டிய ஹைட்ரஜன் சூட்டில் சிலிக்கான் வழியாகவே வெளியேறிவிடும், மிஞ்சுவது வெற்றிடம். ஒரே வேஃபர், முன்பக்கத்தில் மட்டும் வேலை, ஒட்டு இல்லை. எங்கே நிறுத்துவது என்ற கேள்வியே இங்கே காணாமல் போய்விட்டது பாருங்கள். குடைந்து மெலிய வைப்பதற்குப் பதில் வளர்த்துத் தடிக்க வைக்கிறார்கள், வளர்ப்பதை மிகத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம்.

சவ்வு எவ்வளவு அசைகிறது என்பதையும் பார்த்துவிடலாம். முன்னால் சொன்ன 1 மில்லிமீட்டர், 20 மைக்ரான் சவ்வையே எடுத்துக்கொள்வோம். முழுக் காற்றழுத்தமும் அதை நடுவில் 1 மைக்ரான்தான் கீழே தள்ளும். 1 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு அது நகர்வது 0.12 நானோமீட்டர். சிலிக்கானில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரமே 0.235 நானோமீட்டர். போனை இடுப்பிலிருந்து தலைக்கு மேல் தூக்கினால் சவ்வு ஓர் அணு இடைவெளியில் பாதிதான் அசைகிறது, அதுவும் சிக்னலாக வந்துவிடுகிறது.

வருவதற்குக் காரணம் மின்தடைகளை வைக்கும் விதம். நான்கையும் வீட்ஸ்டன் பிரிட்ஜாக இணைத்து, இரண்டை இழுவிசை அவற்றின் நீளவாக்கில் வருமாறும், மற்ற இரண்டை அகலவாக்கில் வருமாறும் சவ்வின் நான்கு ஓரங்களின் நடுவில் வைக்கிறார்கள். அழுத்தினால் முதல் இரண்டின் மதிப்பு கூடும், மற்ற இரண்டின் மதிப்பு ஏறக்குறைய அதே அளவு குறையும், பிரிட்ஜ் இந்த வித்தியாசத்தை மட்டும் வெளியே தரும். வெப்பத்தால் நான்கும் சேர்ந்து மாறினால் அது பெரும்பாலும் கழிந்துவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அழுத்தத்துக்குச் சிலிக்கான் காட்டும் உணர்வே வெப்பம் ஏற ஏறக் குறையும், டிகிரிக்கு 0.2 சதவீதம்போல. சென்னை வெயிலுக்கும் ஏசி அறைக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 3 சதவீதம். இதைத் திருத்தாமல் விட்டால் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் போன் உங்களைச் சில நூறு மீட்டர் உயரம் மாற்றிக் காட்டும். அதனால்தான் இத்தகைய சிப்புகளில் வெப்பமானியும் உள்ளேயே இருக்கிறது.

இவ்வளவு உழைப்புக்கும் காசு கொடுத்தது முதலில் கார்த் தொழில். அமெரிக்காவில் 1970ல் வந்த தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று தெரிந்தால்தான் பெட்ரோலைச் சரியாகக் கணக்கிட முடியும், அதற்கு உள்ளிழுப்புக் குழாயில் அழுத்தம் அளக்கும் மலிவான சென்சார் வேண்டியிருந்தது. டயர்கள் வெடித்துப் பலர் இறந்த பிறகு 2000ல் அங்கே வந்த இன்னொரு சட்டம், டயருக்குள்ளேயே அழுத்த சென்சார் போகக் காரணமானது. மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் பார்க்க, ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தித் தூக்கிப் போடும் சென்சார்களும் 1980களிலேயே வந்துவிட்டன.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் நீண்ட காலம் இருந்து, பிறகு பெங்களூரு ஐஐஎஸ்சிக்குப் போன பேராசிரியர் கே.என். பட், எஸ்ஓஐ வேஃபரில் அழுத்த சென்சார்கள் செய்வதில் மாணவர்களோடு பல வருடங்கள் உழைத்தார். கிளீன் ரூம் (தூசு இல்லாத ஆய்வறை) இல்லாத கல்லூரிகளின் மாணவர்களும் ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களில் நேரடியாகப் போய் வேஃபரில் வேலை செய்ய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் விசாரித்துப் பார்க்க வேண்டும். மாஸ்க் (வேஃபரில் பதிக்க வேண்டிய வடிவத்தின் அச்சு) வரைந்து, காரத்தில் இறக்கி, சவ்வு கிழியாமல் எடுப்பதற்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசியாக டப்பா. சவ்வுக்குக் காற்று வேண்டும், ஆனால் தண்ணீரும் தூசும் கூடாது. போன் சென்சாரில் உலோக மூடியில் ஒரு பொடித் துளை இருக்கும். டயர், எஞ்சின் பக்கம் போனால் சவ்வின் மேல் சிலிக்கோன் (சிலிக்கான் அல்ல, ரப்பர் போன்ற பொருள்) ஜெல் போட்டு மூடுவார்கள், அழுத்தம் ஜெல் வழியே கடக்கும். ரசாயன ஆலைகளில் மெல்லிய ஸ்டீல் தகட்டுக்குப் பின்னால் எண்ணெய் நிரப்பி, அதற்குள் சிப்பை வைப்பார்கள். சிப்பைவிட டப்பாவுக்கும் சோதனைக்கும்தான் அதிகச் செலவு ஆகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. இத்தனை கவனத்துக்குப் பிறகும் எந்த இரண்டு சிப்பும் ஒன்றுபோல் வருவதில்லை என்பதால், ஒவ்வொன்றையும் தொழிற்சாலையிலேயே சோதித்து, அதற்கே உரிய திருத்த எண்களை அதன் நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். பிஎம்பி280ல் அவை 12 எண்கள், வெப்பத்துக்கு 3, அழுத்தத்துக்கு 9. ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இதை இணைத்து, ஆயத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) இல்லாமல் நீங்களே நிரல் எழுதினால் முதலில் அந்த 12ஐயும் படித்துக் கணக்கில் சேருங்கள், அதுவரை வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மூடியிலுள்ள துளையில் டேப் ஒட்டாதீர்கள், பசை படக்கூடாது, நேரடி வெயிலும் படக்கூடாது. உள்ளே இருப்பது சிலிக்கான், வெளிச்சம் பட்டாலும் அது மின்சாரம் உண்டாக்கும்.